சுவருக்குக் குடிபோன தழும்பு

என் கழுத்துத் தழும்பு சுவருக்குக் குடிபோனது கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவில். ஒரே நாளில் போகவில்லை. வேறு வீட்டுக்கு மாறுகிறவர்கள் நல்ல நாள் பார்த்து முதலில் உப்பு, மஞ்சள், சாமி படம் மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்புறம் கட்டிலும் பீரோவுமாக ஒவ்வொன்றாக எடுத்துப் போவார்கள் இல்லையா, அந்த மாதிரி முதலில் தாடைக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் இருந்த முடிச்சு போனது. அதற்குப் பின்னால் காதுக்கடியிலிருந்து இறங்கின வரப்புகள் போயின. கடைசியாகத் தோள்பட்டையில் அகலமாக அப்பியிருந்தது போனது.

பள்ளிபாளையத்தில் எங்கள் லைன் வீடு ஆறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டினது. எதிரில் விசைத்தறிப் பட்டறை. தறி ஓடுகிற வரைக்கும் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துப் பேசிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வீடு நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான், முதல் வீட்டில் குழந்தை தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள். ஐந்தாவது வீடு எங்களுடையது. கடைசி வீட்டில் என் வீட்டுக்காரரின் அக்கா ரங்கநாயகி இருந்தார், நான் நங்கையா என்று கூப்பிடுவேன். அவருக்குக் குழந்தை இல்லை. புருசன் இறந்து ஏழு வருசம். என் மகள் தர்சிகா அவரிடம்தான் இருந்தாள்.

அப்படி இருக்க நேர்ந்ததில் யார் குற்றமும் இல்லை. நான் சைசிங் மில்லில் வேலை பார்த்தேன், பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற இடம். ஒரு சித்திரை மாதம், குனிந்து அறுந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கொதிக்கிற கஞ்சி என் இடது பக்கம் சரிந்தது. சுடுதண்ணீர் என்றால் வழிந்து போய்விடும். கஞ்சி போகாது, ஒட்டிக்கொண்டு, தான் ஆறுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்போது தர்சிகாவுக்குப் பத்து மாதம். நான் மூன்று மாதம் ஆசுபத்திரியில் கிடந்தேன், அப்புறம் புண் மூடுகிற வரைக்கும் குழந்தையைப் பக்கத்தில் விட வேண்டாம் என்றார்கள். ஆவணியில் ஒருநாள் நங்கையா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நங்கையாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து, ‘பூச்சி’ என்றாள்.

‘பூச்சி இல்ல சாமி, அம்மா’ என்றார் நங்கையா.

அந்தச் சொல் எனக்கு எப்படிப் பொருந்தும் என்று அவளுக்குப் புரியவில்லை. நங்கையாவைத்தான் அவள் அம்மா என்று கூப்பிடுவாள்.

அழுது அழைத்துப் பார்த்தேன், பிஸ்கட் காட்டி அழைத்துப் பார்த்தேன், கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு அழைத்துப் பார்த்தேன். வாசல்படிவரைக்கும் வருவாள், துண்டுக்குள்ளே பூச்சி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், திரும்பி ஓடிவிடுவாள். தழும்பு போனால் குழந்தை வரும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் அந்த வருசம் முழுக்க எழுந்தேன், படுத்தேன்.

ஐப்பசியில் ஆசுபத்திரியில் நர்சம்மா ஒரு சிலிக்கான் ஷீட்டுக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி, ஆனால் மெத்தென்று, நுங்கைப் பரப்பி வைத்தது போல இருந்தது. தழும்பைவிட ஒரு விரற்கடை பெரிதாக வெட்டி ஒட்ட வேண்டும், முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் நாலு, பழகப் பழக நாளில் பாதிக்கு மேல் கழுத்திலேயே இருக்க வேண்டும், அடியில் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது, தினம் ஒருதரம் எடுத்து மெல்லிய சோப்பில் கழுவிக் காற்றில் காயவைத்து மறுபடி ஒட்ட வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது, பசை விட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். பொறுமை என்னிடம் இருந்தது. எங்கே காயவைப்பது என்று கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

எங்கள் ஊரில் தறிப் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். படுத்திருக்கிற எதன்மேலும் படியும், தட்டின்மேல், பாயின்மேல், தூங்குகிறவர்கள் புருவத்தின்மேல் படியும். நிற்கிறதன்மேல் படியாது. முதல்நாள் ஷீட்டைக் கழுவித் தட்டில் வைத்தேன், கால்மணி நேரத்தில் அது முயல்குட்டி மாதிரி மயிர் முளைத்துக் கிடந்தது. மறுபடி கழுவிக்கொண்டு நின்றபோது, குளிக்கப் போகையில் நெற்றிப் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுக் குளித்து வந்து மறுபடி நெற்றிக்கு எடுத்துக்கொள்வோமே, அது ஞாபகம் வந்தது. ஷீட்டையும் அப்படியே சுவரில் ஒட்டினேன், எனக்கும் நங்கையாவுக்கும் நடுவில் இருக்கிற சுவரில். பஞ்சு படியவில்லை. காய்ந்ததும் உரித்துக் கழுத்தில் ஒட்டிக்கொண்டேன். தினமும் அப்படியே செய்தேன்.

நான் செய்த தப்பு அதுதான் என்றால் அதுதான்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் நங்கையா வந்து, எங்கள் பக்கத்துச் சுவரில் முடிச்சு மாதிரி ஏதோ எழும்பியிருக்கிறது, உங்கள் பக்கம் ஆணி கீணி அடித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். என் தாடையைப் பார்த்தார். அங்கே முடிச்சு இல்லை. பத்து நாளில் அவர் வீட்டுச் சுவரில் வரப்பு வரப்பாக, தடித்து, செங்காவி நிறத்தில், என் கழுத்தில் எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. தொட்டால் சூடாக இருந்தது.

லைன் வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஓதம் என்றார்கள் முதலில். கரையான் என்றார்கள். வீட்டு ஓனர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சாவியால் தட்டிப் பார்த்து, இது ஓதமும் இல்லை பூச்சு உப்பலும் இல்லை, தழும்பு, தழும்புக்கெல்லாம் என்னால் வெள்ளையடித்துக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் வீட்டுக் கமலவேணி அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்ற வந்தார். எனக்கு இந்தப் பக்கம் கழுத்தில் மஞ்சள் சுரீர் என்றது.

‘அது சாமியில்ல, எந்தம்பி பொண்டாட்டி கழுத்து’ என்று நங்கையா சொன்னது எனக்குக் கேட்டது. ‘கற்பூரத்தக் கொண்டுட்டுப் போ.’

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் கழுத்துதான் என்று தெரிந்த பின்னால் அவர்களுக்கு அதில் பயம் ஒன்றும் இருக்கவில்லை.

மார்கழி வந்தது. ஆற்றுப்பக்கத்துக் குளிரில் இட்லி மாவு பொங்காது. கமலவேணி அக்கா ஒருநாள் சாயங்காலம் மாவுப் போசியைக் கொண்டுவந்து அந்தச் சுவரோரம் ஒட்டி வைத்துவிட்டுப் போனார். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு நின்றது. அவ்வளவுதான், ஆறு வீட்டுப் போசியும் அங்கே வரிசையாக வந்து உட்கார்ந்தன. அப்புறம் காயாத பள்ளிக்கூடச் சாக்ஸ்களை வரப்பில் மாட்டினார்கள், காதுவலிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து காதை வைத்துப் படுக்கச் சொன்னார்கள், தறி ஓட்டி முதுகு விட்டுப்போன பெண்கள் வேலை முடிந்து வந்து ஒருவருக்கு ஒருவர் இடம்விட்டு வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்து மாமியாரைப் பற்றிப் பேசினார்கள், சம்பந்தம் பேச வந்தவர்களைக்கூட ‘குளிரா இருக்குதுங்க, செவுத்தோரமா உக்காருங்க’ என்று அங்கேதான் உட்கார வைத்தார்கள். நங்கையா எல்லோருக்கும் காபி போட்டுக்கொடுத்தார். அந்த வீட்டில் அவ்வளவு கூட்டம் அவர் கல்யாணத்துக்கு அப்புறம் அப்போதுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தப் பக்கம் நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் லாரிக்காரர், நாசிக், இந்தூர் என்று போய்விட்டு இருபது நாளைக்கு ஒருதரம் வருவார். மில்லுக்கு நான் மறுபடி போகவில்லை. பகல் முழுக்கத் தறி சத்தமும் நானும்தான். ஆனால் அந்தச் சுவரில் நடக்கிறது எல்லாம் என் கழுத்தில் நடந்தது. ஈரச் சாக்ஸ் மாட்டினால் கழுத்து சில்லிடும். அவர்கள் சாய்ந்தால் எனக்குப் பாரம் தெரியும், சாய்ந்திருப்பவர் மெலிந்தவரா பருத்தவரா என்று சொல்லிவிடுவேன். விடியக்காலையில் மாவு பொங்குவது, ஒவ்வொரு குமிழியாக அது உடைவது, குருவி மூச்சுவிடுகிற மாதிரி என் தாடைக்கடியில் தெரியும். பஸ்ஸில் என் பக்கத்து இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், கடையில் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைப்பார்கள். அதே பெண்கள்தான் சுவருக்கு அந்தப் பக்கம் என் கழுத்தில் முதுகு கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். சுவர் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்பார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

தை மாதம் ஒருநாள் மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் ஒரு கன்னம் பட்டது.

பெரியவர்கள் கன்னம் இல்லை. உள்ளங்கை அளவுதான் இருந்தது. அப்புறம் ஐந்து விரல், வரப்பைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தது. அப்புறம் வாய், ஈரமாக. நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் என் மகள் சுவரில் முகம் வைத்துப் படுத்திருந்தாள். தூங்கிப்போனாள். அவள் மூச்சு வருகிறதும் போகிறதும் என் கழுத்தில் வந்தது, போனது. எத்தனை நேரம் என்று தெரியாது, தறி நின்று சாப்பாட்டு மணி அடித்து மறுபடி தறி ஓடிற்று.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவள் அங்கேதான் தூங்கினாள். தூங்குகிறதுக்கு முன்னால் சுவருக்குச் சோறு ஊட்டுவாள், ரசஞ்சோறு என் கழுத்தில் வழியும். ஏதேதோ சொல்லுவாள், அதில் பாதி எனக்குப் புரியாது. பூச்சி என்று பயந்து ஓடினாளே, அதே வரப்பைத் தடவிக்கொண்டு தூங்கினாள். சுவரில் இருந்தால் அது பூச்சி இல்லை போலிருக்கிறது. நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்த நேரத்துக்குச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வேன். நடுவில் ஒற்றைக்கல்தான்.

மாசியில் கழுத்து முழுக்க மழமழவென்று ஆகிவிட்டது. நர்சம்மா விரலால் வருடிப் பார்த்து, இத்தனை வருசத்தில் இப்படி ஒரு கழுத்தைப் பார்த்ததில்லை, சொன்னபடி செய்திருக்கிறாய் என்று மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கே காயவைத்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வாரம் என் வீட்டுக்காரர் வந்தார். பொண்ணு பார்க்க வந்தபோது இருந்த மாதிரியே இருக்கிறாய் என்று சொல்லிக் கழுத்தில் கை வைத்தார். வைத்தது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. கழுத்தில் தெரியவில்லை. அதே நேரம் அந்தப் பக்கம் யாரோ காய்ந்த துண்டைச் சுவரிலிருந்து உருவினார்கள், அது தெரிந்தது.

மறுநாள் தலைக்குக் குளித்து, கழுத்துத் தெரிய ரவிக்கை போட்டு, துண்டு இல்லாமல் நங்கையா வீட்டு வாசலில் போய் நின்றேன். என் கணக்குப்படி அன்றைக்கு அவள் வந்திருக்க வேண்டும். தர்சிகா சுவரோரம் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பயப்படவில்லை, ஓடவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த வரப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுபடி பொம்மையைப் பார்த்தாள். அவள் பயந்தபோதாவது என்னைத் தெரிந்துதான் பயந்தாள்.

‘அம்மாகிட்டப் போ சாமி’ என்றார் நங்கையா.

அவள் நங்கையாவின் மடியில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். ஷீட்டு கழுத்தில் இருந்தது, உரித்தேன், கழுவினேன், காய்ந்ததும் கழுத்துக்கு எடுக்காமல் சுவரிலேயே விட்டுவிட்டேன். முதல்நாள் இரண்டு மணி நேரம். அப்புறம் நாலு. பழகப் பழகப் பகல் முழுக்க. நர்சம்மா சொன்ன முறையில் ஒன்றுகூட விடவில்லை, சுவரில் ஒட்டின இடத்தில் எண்ணெய், பவுடர் படாமல் பார்த்துக்கொண்டேன், தினம் ஒருதரம் எடுத்துக் கழுவி, ஒரு மணி நேரம் என் கழுத்தில் ஒட்டிக் காயவைத்து, மறுபடி சுவரில் ஒட்டினேன்.

பங்குனி, சித்திரை ஆனது. வெயில் வந்ததும் லைன் வீட்டில் யாருக்கும் சூட்டுச் சுவர் வேண்டியிருக்கவில்லை. மாவு தானாகவே பொங்கிற்று, சாக்ஸ் கொடியில் காய்ந்தது, பெண்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். சுவரில் வரப்பு இறங்கிக்கொண்டு வருவதை அவர்கள் கவனிக்கவில்லை. என் துண்டு மறுபடி கழுத்துக்கு வந்ததைக் கவனித்தார்கள், பாவம், நல்லாகி வந்தது திரும்பிவிட்டதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தர்சிகா மட்டும் அந்த வெயிலிலும் மத்தியானம் அங்கேதான் படுத்தாள். நாளுக்கு நாள் அவளுக்குப் பிடிக்க வரப்பு குறைந்தது. விரல் தேடித் தேடி வருவது எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சாமி, இன்னும் கொஞ்சம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனி மாதம் நங்கையா வந்தார். அவர் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. சுவரில் ஷீட்டைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். முறத்தில் இருந்த அரிசியை இழுத்து வைத்துக் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

‘பகலெல்லாம் செவுத்துலயே வெக்கறயா?’

‘ஆமாங்க நங்கையா.’

‘கழுத்துல?’

‘காயறப்ப மட்டுங்க.’

கல் இல்லாத அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார். வெறும் சுவரும் காலி வீடும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. எழுந்து போகையில் வாசல்படியில் நின்று, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

‘எனக்குக் கொஞ்சம் விட்டு வெய்யி புள்ள.’

அன்றைக்குக் கத்தரிக்கோலை எடுத்து ஷீட்டின் மேல்மூலையை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெட்டி எடுத்தேன். தாடைக்கடி முடிச்சு, முதலில் குடிபோனது எதுவோ அது, அந்தப் பக்கமே இருக்கட்டும் என்று விட்டேன்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் காற்று, தறிப் பஞ்சைத் தெருவெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. மத்தியானம். சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கன்னம் படுகிற நேரம், படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னக் கை தட்டித் தட்டி நகர்வது, இப்போது கழுத்தில் இல்லை, காதில் கேட்டது. கீழே தேடினாள். எட்டி மேலே தேடினாள், அங்கே முடிச்சு மட்டும்தான், பிடிக்க வரப்பு இல்லை. ‘இல்ல’ என்றாள் நங்கையாவிடம். அப்புறம் தட்டல் சுவரோடு நகர்ந்தது, கதவுவரைக்கும் போயிற்று, வெளியே வந்தது, வாசல் சுவரைத் தடவிக்கொண்டு, சன்னல் கம்பியில் விரல் தட்டித் தட்டி வந்தது, என் வீட்டு நிலைப்படியில் வந்து நின்றது. நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று பயம். துண்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். ஷீட்டு வந்தது, வழுக்கிற்று, அதைத் தாண்டினாள். சுவர் முடிந்து என் தோள் ஆரம்பிக்கிற இடத்தில் அவள் கை ஒரு நிமிசம் நின்றது. அப்புறம் ஏறிற்று. வரப்பு ஒவ்வொன்றாக, பிடித்துப் பிடித்து, காதுக்கடிவரைக்கும்.

‘இங்க இக்குது’ என்றாள்.

கழுத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். கல் நடுவில் இல்லாமல் அவள் எவ்வளவு கனம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நங்கையா அவளுடைய பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லித் தலையை ஆட்டினேன். வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளி, அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து ராத்திரி என்னிடம் படுத்தாலும், காலையில் எழுந்ததும் இவள் அவர் வீட்டுக்கு ஓடி அந்த முடிச்சில் விரலை வைத்துவிட்டுத்தான் பல் விளக்குவாள், இப்போதும் அப்படித்தான். அவள் விரல் வைக்கிறது என் தாடையில் தெரியாது, விட்டுக்கொடுத்த பின்னால் அது நங்கையாவுக்கு.

அன்றைக்கு வெயில் சாய்ந்தபோது கமலவேணி அக்கா மாவுப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, ஆடிக்காற்றில் மாவு எழும்ப மாட்டேன் என்கிறது, உம்பக்கத்துல கொஞ்சம் வெச்சுக்கறயா நவமணி என்று கேட்டார். குழந்தை எழுந்துவிடும், மெதுவாக வையுங்கள் என்றேன். என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டு ஒரு வருசத்துக்கு மேல் இருக்கும்.

ஷீட்டு சுவரில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால், காயுது என்று சொல்லிவிடுவேன்.